அறுபதா, அறுபத்தொன்றா? கடற்கரைப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக் கணக்கு

2025 ஜூன், பள்ளி திறந்த முதல் வாரம். ஏழாம் வகுப்பில் புத்தகத்தைத் திறக்காமல் கரும்பலகையில் ஒரே வரி எழுதினேன்: “ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எத்தனை நாள்?”

எங்கள் ஊரில் இதற்கு விடை தெரியாத பிள்ளை கிடையாது. அது மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு ஏப்ரல் 15 முதல் மே 29 வரை 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 ஆனது. நான் கேள்வி கேட்ட வாரத்தில் தடைக்காலம் இன்னும் முடியவில்லை. படகுகளைக் கரையேற்றிப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பல பிள்ளைகளின் அப்பாக்கள் வீட்டில்தான் இருந்தார்கள். நான் எழுதி முடிப்பதற்குள் வகுப்பே “அறுபத்தொண்ணு” என்று கத்தியது.

“சரி, நோட்டில் போட்டுக் காட்டுங்கள்” என்றேன்.

பத்து நிமிடம் கழித்து ஒவ்வொரு நோட்டாகப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் 60 இருந்தது. ஏப்ரலில் 30−15, அதாவது 15. மே மாதத்தில் 31. ஜூனில் 14. கூட்டினால் 60. ஐந்தாறு பேர் மட்டும் 60 என்று வந்ததை அழித்துவிட்டு அதன் மேல் 61 என்று எழுதியிருந்தார்கள். ரப்பர் தேய்த்த தடம் அப்படியே தெரிந்தது. ஒரு பிள்ளையிடம் ஏன் அழித்தாய் என்று கேட்டேன். “கணக்குப்படி அறுபது டீச்சர். நெசத்துல அறுபத்தொண்ணு” என்றாள்.

அன்று இரவு முழுக்க அந்தப் பதிலே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. கணக்கு வேறு, நிஜம் வேறு என்று அந்தப் பிள்ளை எங்கே கற்றாள்? ஆறாம் வகுப்பில் அவளுக்குக் கணக்கு நடத்தியதும் நான்தான். ஏழாம் வகுப்பின் அந்த ஆண்டு முழுவதும் நான் செய்து பார்த்ததை, சரியாக வந்ததையும் வராததையும் இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளின் பெயர்களையும் பள்ளியின் பெயரையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன்.

பள்ளியும் பிள்ளைகளும்

மண்டபத்துக்கும் பெரியபட்டினத்துக்கும் இடையில், மன்னார் வளைகுடாவைப் பார்த்த ஊர். ஒன்று முதல் எட்டு வரை உள்ள நடுநிலைப் பள்ளி. ஏழாம் வகுப்பில் 28 பேர். கடற்கரைப் பள்ளி என்றால் எல்லாரும் மீனவர் பிள்ளைகள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். விசைப்படகில் கூலிக்குப் போகும் அப்பாக்கள் உண்டு, சொந்தமாக வல்லம் என்ற நாட்டுப்படகு வைத்திருப்பவர்கள் உண்டு. அம்மாக்கள் பலர் கடற்பாசி எடுக்கப் போகிறார்கள், சிலர் மூங்கில் தெப்பத்தில் பாசி வளர்க்கிறார்கள். பனையேறும் குடும்பங்கள், ஆடு வைத்திருப்பவர்கள், வளைகுடா நாடுகளில் அப்பா வேலை பார்க்க அம்மாவோடு இருக்கும் பிள்ளைகள் என்று கலந்த வகுப்பு.

இந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று யாராவது சொன்னால் கரைக்கு வந்து பார்க்கச் சொல்வேன். கிலோ 140 ரூபாய் மீனை ஒன்றேகால் கிலோ கேட்டால், எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் தராசை இறக்குவதற்குள் 175 என்பான். “கால் கிலோ முப்பத்தஞ்சு, அதோட நூத்திநாப்பது.” அதே பையனிடம் நோட்டில் 140-ஐ ஒன்றே காலால் பெருக்கச் சொன்னால், கலப்புப் பின்னத்தைத் தகா பின்னமாக மாற்றும்போதே தடுமாறி, கடைசியில் ஏதோ ஓர் எண்ணை எழுதிவிட்டு என் முகத்தைப் பார்ப்பான்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. பிரேசிலின் ரெசிஃபே நகரச் சந்தையில் தேங்காயும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளை டெரசினா கராஹெரும் உடன் ஆய்வாளர்களும் கவனித்து 1985-இல் எழுதினார்கள். வாங்க வருபவர்போல் நின்று கேட்டபோது பிள்ளைகள் சொன்னதில் 98.2 சதவீதம் சரி. அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 36.8 சதவீதம்தான் சரி. தேங்காய் ஒன்று 35, பத்து வேண்டும் என்றதற்கு ஒரு பையன் பக்கத்தில் பூஜ்ஜியம் சேர்க்கவில்லை. மூன்று 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210 என்று ஏறி 350-க்கு வந்தான். அதைப் படித்தபோது எங்கள் மீன்கடைப் பையன்தான் கண்முன் நின்றான்.

படகோட்டியின் வயது

ஜூன் இரண்டாம் வாரம் இன்னொரு கேள்வி கொடுத்தேன். பிரான்சின் கிரெனோபிள் நகரில் சிறு வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு கணக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்: கப்பலில் 26 செம்மறி ஆடும் 10 வெள்ளாடும் இருக்கின்றன, கேப்டனின் வயது என்ன? 97 பேரில் 76 பேர் அந்த எண்களை வைத்தே ஒரு வயதைச் சொன்னார்கள். நான் அதை எங்கள் கரைக்கு மாற்றினேன்: “ஒரு விசைப்படகில் 26 கூடை மீனும் 10 பெட்டி ஐஸும் இருக்கின்றன. படகோட்டியின் வயது என்ன?”

வகுப்பில் பாதிக்கு மேல் 36 என்று எழுதினார்கள். ஒரு பையன் மட்டும் எனக்கு விளக்கமும் தந்தான். “பெருக்கினா 260 வருது டீச்சர், அவ்வளவு வயசு யாருக்கும் இருக்காது. கழிச்சா 16, அந்த வயசுல படகை நம்பிக் குடுக்க மாட்டாங்க. கூட்டினாத்தான் சரியா இருக்கு.”

எனக்கு இந்த ஆண்டில் கிடைத்த மிக முக்கியமான பதில் இதுதான். அவன் நன்றாகவே யோசித்திருக்கிறான். எது நடக்கும், எது நடக்காது என்று பார்த்து, ஒவ்வொன்றாகக் கழித்து, ஒரு முடிவுக்கு வந்திருக்கிறான். ஆனால் அத்தனை யோசனையும் டீச்சர் எந்தக் குறியைப் போடச் சொல்கிறாள் என்று கண்டுபிடிப்பதற்கே செலவாகிவிட்டது. கேள்விக்கு விடை உண்டா என்று பார்க்க வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் ஏழு வருடத்தில் நாங்கள் கொடுத்த ஒவ்வொரு கணக்குக்கும் விடை இருந்தது, கொடுத்த ஒவ்வோர் எண்ணும் பயன்பட்டது.

“மொத்தம்” என்று வந்தால் கூட்டு, “மீதம்” என்று வந்தால் கழி, “ஒவ்வொருவருக்கும்” என்றால் வகு. இதை நானே பல ஆண்டுகள் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியும் வைத்திருக்கிறேன். படித்ததும் விடை வர வேண்டும் என்ற அவசரத்தில் நாங்கள் கண்டுபிடித்த குறுக்கு வழி அது. அது பிள்ளைக்குக் கேள்வியைப் படிக்காமல் இருக்கத்தான் கற்றுக்கொடுக்கிறது. அந்த வாரமே அட்டையைக் கழற்றினேன்.

2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பில், பள்ளிக் கணிதத்தின் முதன்மை நோக்கம் குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவது என்று சொல்லியிருக்கிறார்கள். பயிற்சி வகுப்புகளில் அதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கணக்குப் போடத் தெரிவதும் கணக்காக யோசிப்பதும் வேறு வேறு என்பது அந்த 36-ஐப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

என்ன மாற்றினேன்

பெரிய திட்டம் எதுவும் இல்லை. வாரத்தில் இரண்டு பாடவேளையை ஒதுக்கினேன். அந்த வேளைக்கு ஒரே ஒரு கணக்குதான். விடை சரியா தவறா என்று முதல் இருபது நிமிடம் நான் சொல்ல மாட்டேன். வந்த விடைகள் எல்லாவற்றையும் பலகையில் எழுதிவைப்போம், தவறானதையும் அழிக்க மாட்டோம். பிறகு நான் கேட்கும் கேள்வி ஒன்றே: “எப்படித் தெரியும்?” வெள்ளிக்கிழமை தோறும் யோசனை நோட்டு என்று ஒரு நோட்டில், அந்த வாரக் கணக்கை எப்படி யோசித்தேன் என்று அவரவர் பேச்சிலேயே எழுத வேண்டும், படமும் வரையலாம்.

எனக்கு மிகவும் கடினமாக இருந்தது சும்மா இருப்பதுதான். ஒரு நாள் என் வகுப்பை நானே செல்போனில் பதிவு செய்து கேட்டேன். கேள்வி கேட்ட மறு நொடியே “என்ன? சொல்லுங்க” என்கிறேன், அடுத்த நொடி விடையின் முதல் பாதியை நானே சொல்கிறேன். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களிலேயே இதை அளந்திருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடி ஆக்கினாலே பிள்ளைகளின் பதில்கள் நீள்கின்றன, காரணம் சொல்வது கூடுகிறது, பேசாத பிள்ளைகள் பேசுகிறார்கள் என்று கண்டார். நான் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று ஐந்து வரை எண்ணத் தொடங்கினேன். முதல் இரண்டு வாரம் அந்த அமைதி தாங்க முடியாததாக இருந்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்து “என்ன டீச்சர், உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார்.

61-க்குத் திரும்பினோம்

“கணக்குப்படி 60, நிஜத்தில் 61. இரண்டும் எப்படிச் சரியாகும்?” இதுதான் முதல் யோசனை வேளைக்கான கணக்கு. வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. அரசாங்கம் ஒரு நாள் சேர்த்துக் கொடுத்திருக்கும் என்றுகூட ஒரு கட்சி சொன்னது. முடிச்சை அவிழ்த்தது பின் வரிசைப் பிள்ளை ஒருத்தி. “பதினஞ்சுலேருந்து பதினேழு வரைக்கும் எத்தனை நாளுன்னு பாப்போம்” என்றாள். விரலை மடக்கினார்கள்: 15, 16, 17. மூன்று நாள். கழித்தால் இரண்டு. பெரிய கணக்கைச் சின்னதாக்கிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று வந்தது. கழிக்கும்போது 15-ஆம் தேதியையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறோம், ஆனால் அன்றைக்கும் படகு போகவில்லை. ஏப்ரலில் 16 நாள், மே 31, ஜூன் 14, மொத்தம் 61. பழைய தடைக்காலத்துக்கும் போட்டுப் பார்த்தார்கள்: 16-ம் 29-ம் 45, சரி. கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்து ஒன்றைக் கூட்ட வேண்டும் என்று ஒருவன் பொதுவாகச் சொன்னான். “எப்போதுமா?” என்றேன். வலை காயப்போட நட்ட கம்புகளைக் கொண்டுவந்தார்கள். பத்துக் கம்பு நட்டால் இடைவெளி ஒன்பது. அப்போது கம்பை எண்ணுகிறோமா, இடைவெளியை எண்ணுகிறோமா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்தப் பேச்சு முடியும்போது மணி அடித்துவிட்டது.

மறுநாள் ஒரு பையன், “லீப் வருஷம் வந்தா தடைக்காலம் அறுபத்திரண்டு ஆகுமா டீச்சர்?” என்றான். நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்தவள் “பிப்ரவரி அதுக்குள்ள வராதுல்ல” என்றாள். அன்றைக்கு நான் பாடம் எதுவும் நடத்தவில்லை. நடத்த வேண்டியும் இருக்கவில்லை.

பாசித் தெப்பம்

எங்கள் கரையில் பாசி வளர்க்கும் மூங்கில் தெப்பம் 12 அடிக்கு 12 அடி. கயிறுகளில் விதைப்பாசியைக் கட்டி மிதக்க விட்டால் சுமார் 45 நாளில் அறுவடை. ஆகஸ்டில் இந்தக் கேள்வி: “தெப்பத்தின் பக்கத்தை இரண்டு மடங்காக்கி 24 அடிக்கு 24 அடி கட்டினால், எத்தனை மடங்கு பாசி கட்டலாம்?”

ஏறக்குறைய எல்லாரும் இரண்டு மடங்கு என்றார்கள். பரப்பளவுச் சூத்திரம் எல்லாருக்கும் மனப்பாடம். அதைப் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஒன்று இரட்டித்தால் மற்றதும் இரட்டிக்கும் என்ற நம்பிக்கை அவ்வளவு உறுதியானது, பெரியவர்களிடமும் உண்டு. நான் எதுவும் சொல்லாமல் கயிற்றை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனோம். மணலில் 12 அடிக் கட்டம் ஒன்று போட்டு அதைச் சுற்றிப் பெரிய கட்டம் போட்டபோது, சின்னக் கட்டம் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. மீதி மூன்று இடம் காலி. “நாலு டீச்சர், நாலு!” என்று குதித்தார்கள்.

அதோடு விட்டிருந்தால் சாதாரணப் பாடம்தான். அம்மா தெப்பம் கட்டுகிற பிள்ளை ஒருத்தி மூங்கிலை எண்ணத் தொடங்கினாள். ஓரத்து மூங்கில் 48 அடியிலிருந்து 96 அடி ஆகிறது, இரண்டு மடங்குதான். பாசி நாலு மடங்கு. “அப்ப மூங்கில் காசு மிச்சம்தானே, ஏன் எல்லாரும் சின்னதாவே கட்டுறாங்க?” எனக்கு விடை தெரியாது, அதையே சொன்னேன். வீட்டில் கேட்டுவிட்டு வந்தாள். பெரிசாகக் கட்டினால் அலையில் நடுவில் ஒடியும், அறுவடைக்கு இழுக்க ஆள் பலம் போதாது என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறார். சுற்றளவும் பரப்பளவும் வேறு வேறு வேகத்தில் வளரும் என்பதை அவள் மறக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். கணக்கு ஒன்றைச் சொல்ல, கடல் வேறொன்றைச் சொல்லும்போது, இரண்டையும் வைத்துப் பேச வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. “கணக்குப்படி, நெசத்துல” என்ற பழைய பிளவு இங்கே இல்லை.

பங்கு, என் தவறு

இயற்கணிதத்துக்குப் பங்குக் கணக்கை எடுத்தேன். மீன் விற்ற காசில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு மீதியைப் பங்கு வைப்பார்கள். நான் கொடுத்த வல்லத்தில் ஆள் ஐந்து பேருக்கு ஆளுக்கொரு பங்கு, படகுக்கும் வலைக்கும் இரண்டு பங்கு. 9,400-க்கு விற்று 2,400 செலவு போனால் 7,000, பங்குக்கு 1,000. வாயாலேயே சொன்னார்கள். திருப்பிக் கேட்டேன்: ஆளுக்கு 800 கிடைத்தது, செலவு அதே 2,400, எவ்வளவுக்கு விற்றார்கள்? அதையும் வாயால் 8,000 என்றார்கள்.

அதையே மாற்றி, 8,000-க்கு விற்றால் ஒரு பங்கு எவ்வளவு என்று கேட்டு, 7x + 2400 = 8000 என்று எழுதி x காணச் சொன்னதும் 8,000-ஐ ஏழால் வகுக்கக் கிளம்பினார்கள். அதனால் முதலில் தமிழில் எழுதவைத்தேன்: “ஏழு பங்குக் காசும் செலவும் சேர்ந்தால் விற்ற காசு.” பிறகு சுருக்கி 7ப + 2400 = 8000. மூன்று வாரம் x வேண்டாம், ‘ப’ போதும் என்று நினைத்தேன். அதிலும் ஒரு குழி இருந்தது. 7ப என்றால் “ஏழு பங்கு” என்று படித்தார்கள், ஏழு மீன் என்பதைப்போல. ‘ப’ என்பது பங்கு என்ற பொருள் அல்ல, ஒரு பங்குக்குக் கிடைத்த ரூபாயின் எண்ணிக்கை. அது புரியாவிட்டால் 7 × 800 என்று அவர்களால் நினைக்க முடியாது. இரண்டாம் வாரமே ‘ப’-வை விட்டு x-க்கு மாறினேன். பொருளின் முதலெழுத்தை மாறியாக வைப்பது எளிமையாகத் தெரியும், ஆனால் அது பிள்ளையை வழிமாற்றிவிடுகிறது. இதை மற்ற கணக்கு ஆசிரியர்களும் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த வாரம் முழுக்க ஒரு பையன் வாயே திறக்கவில்லை. எப்போதும் முதலில் கை தூக்குபவன். மணி அடித்த பிறகு வந்து நின்றான். “எங்கப்பாவுக்கு அப்புடி வராது டீச்சர். முன்பணம் வாங்கிருக்காங்க, அதுல கழிச்சுக்குவாங்க.” வேறெதுவும் சொல்லவில்லை. வாழ்க்கையிலிருந்து கணக்கு எடுக்கிறேன் என்ற நினைப்பில், அந்தப் பையன் வீட்டுக் கடனை 28 பேருக்கு நடுவில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகு வீட்டு வருமானத்தைத் தொடும் எதையும் கணக்காகக் கொடுப்பதில்லை. படகு வேண்டுமானால் கற்பனைப் படகு, விலை மட்டும் சந்தை விலை.

அதே வேளையில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். “படகுக்கு ஏன் ரெண்டு பங்கு? படகு என்ன சாப்பிடுமா?” என்று ஒருத்தி கேட்க, வலை கிழிந்தால் யார் தைப்பது, எஞ்சின் போனால் யார் காசு என்று இருபது நிமிடம் விவாதம் ஓடியது. பாடத்திட்டத்தில் இதற்கு இடம் இல்லை. நான் நிறுத்தவும் இல்லை.

கடலில் கிடைக்காதது

குறை எண்களின் பெருக்கலுக்கும் கரையிலிருந்தே உதாரணம் தேடினேன். கடல்மட்டத்துக்குக் கீழே, கடன் என்று கூட்டல் கழித்தல் வரைக்கும் ஓடியது. குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண் வருவதற்கு நான் ஜோடித்த கதை எனக்கே புரியவில்லை, பிள்ளைகள் இன்னும் குழம்பினார்கள். கடைசியில் கதையை விட்டுவிட்டு வரிசையாக எழுதினேன்: 3 × (−2) = −6, 2 × (−2) = −4, 1 × (−2) = −2, 0 × (−2) = 0. “அடுத்தது?” ஒவ்வொரு படிக்கும் இரண்டு கூடுகிறது, அதனால் (−1) × (−2) = 2 என்று அவர்களே சொன்னார்கள். எல்லாக் கணக்கையும் கடலில் தேட வேண்டியதில்லை. எண்களுக்குள்ளேயே யோசிக்க நிறைய இருக்கிறது.

அதற்குச் சாட்சி நவம்பரில் கிடைத்தது. வாடைக்காற்றும் மழையும், வருகை பாதிதான். வந்தவர்களுக்கு இதைக் கொடுத்தேன்: “எந்த எண்களை அடுத்தடுத்த எண்களின் கூட்டலாக எழுத முடியும்?” 9 என்றால் 4+5, அல்லது 2+3+4. 15-ஐ மூன்று விதமாக எழுதலாம். வாய்ப்பாடு தெரியாதவர்களும் தொடங்க முடிகிற கணக்கு. ஆளுக்குக் கொஞ்சமாக 1 முதல் 40 வரை பிரித்துக்கொண்டு செய்தார்கள். 1-ஐத் தவிர ஒற்றைப்படை எண்கள் எல்லாம் வந்துவிட்டன. வராதவை பலகையில் மிஞ்சின: 1, 2, 4, 8, 16, 32.

“ரெண்டு ரெண்டு மடங்கா போகுது” என்று கண்டுபிடித்தது மீன்கடைப் பையன். ஏன் என்பதற்கு இரண்டு வாரம் ஆனது. மூன்றோ ஐந்தோ என ஒற்றைப்படை எண்ணிக்கையில் அடுத்தடுத்த எண்கள் இருந்தால், நடு எண்ணை அத்தனை தடவை போட்டதற்குச் சமம்: 4+5+6 என்பது மூன்று 5. அப்போது கூடுதல் மூன்றால் வகுபடும். இரட்டைப்படை எண்ணிக்கை என்றால் இரு முனைகளிலிருந்தும் சோடி சேர்க்கலாம்: 3+4+5+6 என்பது இரண்டு 9. முனையும் முனையும் சேர்ந்தால் எப்போதும் ஒற்றைப்படை. எப்படிப் பார்த்தாலும் கூடுதலுக்குள் ஓர் ஒற்றைப்படைக் காரணி ஒளிந்திருக்கிறது. 8-க்கும் 16-க்கும் ஒன்றைத் தவிர அப்படி ஒரு காரணி இல்லை. இதைச் சொற்களாக்கி எழுதியவர்கள் நாலு பேர்தான், அதுவும் நான் இடையிடையே கேள்வி கேட்டு நகர்த்திய பிறகு.

அப்புறம் ஒருத்தி 14-ஐ எடுத்துக்கொண்டு வந்தாள். 14 என்பது ஏழு இரண்டு, அதனால் நடுவில் 2 வைத்து ஏழு எண் எழுத வேண்டும்: −1, 0, 1, 2, 3, 4, 5. “குறை எண் வந்துருச்சு டீச்சர், தப்பா?” நான் ஐந்து வரை எண்ணினேன். அவளே, “−1-உம் 1-உம் அடிச்சுக்கும், பூஜ்ஜியத்துக்கு மதிப்பில்லை, அப்ப 2+3+4+5, பதினாலு!” என்றாள். குறை எண் பாடம் அவளுக்குப் புரிந்ததா என்று நான் தேர்வு வைத்துப் பார்க்கத் தேவைப்படவில்லை.

எதிர்ப்பும் நியாயமும்

பெற்றோர் கூட்டத்தில் ஓர் அம்மா கேட்டார்: “வாய்ப்பாடு சொல்லிக் குடுக்குறதில்லையாமே?” அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. முதல் பருவத்தில் நான் வாய்ப்பாட்டைத் தளர்த்திவிட்டேன். 7 × 8-க்கே விரல் மடக்கும் பிள்ளையின் தலையில் அடுத்த படியை யோசிக்க இடமே இருப்பதில்லை என்பதைத் தெப்பக் கணக்கில் கண்ணால் பார்த்தேன். பிறகு தினமும் பத்து நிமிடம் மனக்கணக்கு என்று வைத்துக்கொண்டேன். வாய்ப்பாடு யோசனைக்கு எதிரி என்ற பேச்சில் எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை.

எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு வருகிறது. அதில் தேர்வானால் ஆண்டுக்கு 12,000 ரூபாய். எங்கள் பிள்ளைகளுக்கு அது பெரிய பணம். மனத்திறனுக்கு 90 கேள்வி, பாடத்துக்கு 90 கேள்வி. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். நான் ஒரு கணக்குக்கு இரண்டு வாரம் கொடுக்கிறேன். இந்த முரண்பாட்டைத் தலைமை ஆசிரியர் நேராகவே எடுத்துச் சொன்னார், நானும் மறுக்கவில்லை. ஜனவரி முதல் சனிக்கிழமைகளில் அந்த மாதிரிக் கேள்விகளுக்குத் தனியாகப் பயிற்சி கொடுத்தோம். எண் தொடர்க் கேள்விகளில் நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் “ஏன் மத்த மூணும் வராது?” என்று அவர்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டது மட்டும் எனக்கு ஆறுதல்.

என்ன மாறியது

பருவத் தேர்வு மதிப்பெண் பெரிதாக ஏறவில்லை. பிப்ரவரியில், “ஒரு பனையில் 12 நுங்குக் குலை, இன்னொன்றில் 9. மரம் ஏறியவரின் உயரம் என்ன?” என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. பெரும்பாலோர் “தகவல் பத்தாது” என்று எழுதினார்கள். இதை நான் பெரிய சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை. டீச்சர் இப்படிக் கேட்பாள் என்று பழகியிருப்பார்கள்.

நான் நம்புவது அவர்கள் கேட்கத் தொடங்கிய கேள்விகளை. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. கப்பல் போவதற்காக 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப் பகுதி 17 மீட்டர் மேலே எழும் என்றேன். “அப்ப 17 மீட்டர் உசரக் கப்பல்தான் போகலாமா?” என்றான் ஒருவன். “பாலம் ஏற்கனவே தண்ணிக்கு மேலதானே இருக்கு, அதையும் கூட்டணும்” என்றாள் ஒருத்தி. “தண்ணி ஏறுற நேரத்துல அது குறையுமே” என்றான் படகோட்டி வயதுக்கு விளக்கம் சொன்ன பையன். ஜூனில் இதே பையன்தான் கொடுத்த இரண்டு எண்களையும் எப்படியாவது பயன்படுத்திவிடத் துடித்தவன். இப்போது கொடுத்தது போதாது என்கிறான்.

யோசனை நோட்டுகளிலும் தெரிந்தது. தொடக்கத்தில் எல்லா நோட்டிலும் “கூட்டினேன், விடை வந்தது” என்ற ஒரே வரி. எழுத்துத் தடுமாறும் மூன்று பேருக்கு அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஆண்டுக் கடைசியில் “முதல்ல இப்படி நெனச்சேன், அது தப்பு, ஏன்னா” என்று தொடங்கும் பக்கங்கள் பல நோட்டுகளில் வந்தன.

வராதவர்களும் உண்டு. நாலு பேர் அந்த நுங்குக் கணக்குக்கும் 21 என்றே எழுதினார்கள். நாலு பேருமே மாதக்கணக்கில் விட்டுவிட்டு வந்தவர்கள். ஒருத்தி அம்மாவோடு பாசிக்குப் போகிறாள், ஒருவன் தம்பியைப் பார்த்துக்கொள்கிறான். அவர்கள் வகுப்பில் பேசாமல் இருந்ததை யோசிக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டுவிட்டேன். நோட்டைத் திரும்பப் புரட்டியபோதுதான் அவர்கள் பக்கங்கள் எல்லாம் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதியவை என்று தெரிந்தது. எட்டாம் வகுப்பிலும் இவர்களுக்கு நான்தான் கணக்கு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்த நாலு பேரோடும் அரை மணி உட்காரத் தலைமை ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். கலப்புப் பின்னத்திலிருந்து, ஒன்றேகால் கிலோவிலிருந்து, தராசை நடுவில் வைத்துத் தொடங்கப் போகிறேன்.